டிஸ்க் பிதுக்கத்துக்கு நுண்துளை அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

‘இடுப்பில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. நுண்துளை அறுவை சிகிச்சை செய்தால் சட்டென்று சரியாகிவிடும் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வலி காலில் இறங்குகிறதா, இடுப்போடு நிற்கிறதா என்று எழுதவில்லை. இறங்குகிறது என்றே வைத்துக்கொள்கிறேன். இடுப்பு மட்டும்தான் வலிக்கிறது என்றால் இந்தச் சிகிச்சையிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இது முக்கியமாக, பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவதால் வரும் கால்வலிக்கான வைத்தியம்.

நான் செய்துகொண்டவன். எல்4-எல்5 டிஸ்க், அதாவது இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டு. பிட்டத்தில் தொடங்கும் வலி தொடையின் வெளிப்பக்கமாக இறங்கிக் கால் பெருவிரலில் போய் நிற்கும். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வேன். மருத்துவர் முதலில் அறுவை சிகிச்சைப் பேச்சையே எடுக்கவில்லை. பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் தானே தணிந்துவிடும், பிதுங்கி வந்த துண்டை உடலே கரைத்துக்கொள்வதும் உண்டு என்றார். மாத்திரையும் பிசியோதெரபியுமாகக் காத்திருந்தேன். தணியவில்லை. போதாக்குறைக்கு நடக்கும்போது முன்பாதம் தரையில் தட்டத் தொடங்கியது. பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, மருத்துவர் தன் விரலால் அழுத்திப் பார்த்தார். அது அப்படியே மடிந்துவிட்டது. அதன்பின் அவர் பேச்சு மாறியது. என்னை அறுவை அரங்குக்கு அனுப்பியது அந்த விரல்தான். ஸ்கேன் படம் மட்டும் அல்ல. வலியே இல்லாத பலருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் டிஸ்க் பிதுக்கம் தெரியும்.

முழு மயக்கம் கொடுத்தார்கள். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் வெட்டு. தசையை விலக்கிக் குழாய் செருகி, நுண்ணோக்கியில் பார்த்து, நரம்பை அழுத்திய துண்டை எடுத்தார்கள். டிஸ்க் முழுவதையும் எடுப்பதில்லை. எண்டோஸ்கோபி முறையில் வெட்டு இதைவிடவும் சிறியது. ஆனால் நரம்புக்குப் பக்கத்தில் நடக்கும் வேலை ஒன்றேதான். நரம்புறை கிழியலாம், தொற்று வரலாம். அரிது என்றாலும் கையெழுத்து வாங்கும்போது சொல்வார்கள். மிச்சமிருக்கும் டிஸ்கிலிருந்து மறுபடி ஒரு துண்டு பிதுங்கவும் வாய்ப்புண்டு.

மயக்கம் தெளிந்தபோது கால்வலி போயிருந்தது. நம்பவே முடியவில்லை. விரலின் பலம் மட்டும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் திரும்பியது; பாதத்தின் மேல்புறம் ஒரு திட்டு இன்னும் மரத்தே கிடக்கிறது. இதை அலுவலகத்தில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. தழும்பு சிறியது என்பதால் விடுப்பும் சிறியதாக இருக்க வேண்டுமாம். குனியாதே, பாரம் தூக்காதே, நெடுநேரம் உட்காராதே என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை மேலதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, கோப்புகள் எப்போது முடியும் என்று கேட்டார்.

அறுவை சிகிச்சைக்கு ஆள் பிடிக்கிறேன் என்று யாராவது கிளம்புவார்கள். இல்லை ஐயா. நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி விரைவில் தணிந்தது என்றும், ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் ஏறத்தாழ அதே நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றும்தான் சொல்கிறது. காத்திருந்தவர்களிலும் கணிசமானோர் இடையில் வலி தாங்காமல் அறுவைக்குப் போனார்கள். பலவீனம் இல்லை, வலியைத் தாங்க முடிகிறது என்றால் தாராளமாகக் காத்திருங்கள். பலவீனம் கூடிக்கொண்டே போனால் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தானாகப் போனாலோ, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனாலோ யார் பதிலையும் படித்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதுகுவலி மருத்துவரின் காத்திருப்பறைக்கு, சாய்மானம் இல்லாத அந்தத் தாழ்வான பெஞ்சுகளை வாங்கிப் போடுபவர் யார்? உள்ளே போன ஒவ்வொரு முறையும் பாதி நோயாளிகள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் துணைக்கு வந்தவர்கள்.