கனவில் வந்தவரிடமே கனவைச் சொல்லலாமா?

கேள்வி: போன மாதம் ஒருநாள் விடியற்காலையில், என் நாத்தனார் இறந்து கிடப்பதுபோல் கனவு கண்டேன். பதறிப்போய் அப்போதே போன் செய்து, "அண்ணி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டு, கனவையும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. "விடியக்காலைக் கனவு பலிக்குமே" என்று மாமியார் வேறு புலம்புகிறார். மனதில் பட்டதைச் சொன்னது தப்பா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கனவு கண்டதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. போனை எடுத்ததில்தான் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் மாமியாரின் பயம். தூங்கும்போது சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, மூடிய இமைக்குள் கண்கள் விறுவிறுவென்று அசையும். 1953-ல் சிகாகோ ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பினால் பலரும் கனவை விலாவாரியாகச் சொல்வார்கள். விடியல் நெருங்க நெருங்க இந்தக் கட்டம் நீளும். கனவும் நீளும், உடனே விழித்துக்கொள்வதால் மறக்காமலும் இருக்கும். விடியக்காலைக் கனவுக்கு மவுசு வந்தது இப்படித்தான்.

சரி, யாரிடம் சொல்வது? கண்ணகி கெட்ட கனவு கண்டதும் தோழி தேவந்தியிடம்தான் சொன்னாள். கனவில் உடனிருந்தவன் கோவலன். அவன் அன்றே வீடு திரும்பியும் அவனிடம் கனவைப் பற்றி மூச்சுவிடவில்லை, "சிலம்பு உள" என்றுதான் சொன்னாள். (சொல்லியிருந்தால் மதுரைக்கே போயிருக்க மாட்டார்களே என்று என்னை மடக்காதீர்கள்.) என் பாட்டி இன்னும் உஷார். கெட்ட கனவு வந்தால் தொழுவத்துக்குப் போய் மாட்டிடம் சொல்லிவிட்டு வருவார். மாடு யாருக்கும் போன் செய்யாது.

உங்களுக்கு அது பயம். இறக்கி வைத்தால் பாரம் குறையும். கேட்டவருக்கோ அது தன் சாவுச் செய்தி. நீங்கள் இறக்கிய பாரத்தை அவர் தலையில் ஏற்றிவிட்டீர்கள். இனி இப்படிக் கனவு வந்தால் கணவரிடம் சொல்லுங்கள். நாத்தனாரிடம் "சும்மாதான் கூப்பிட்டேன்" போதும், அதுவும் எட்டு மணிக்கு மேல்.

இப்போது போனில் சமாதானம் பேசாமல் நேரில் போங்கள். "பயத்தில் உளறிட்டேன் அண்ணி" என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள், கனவை மறுபடி விவரிக்க வேண்டாம். மாமியாரையும் கூட்டிப் போங்கள். கனவில் செத்தவருக்கு ஆயுசு கெட்டி என்றும் ஊரில் சொல்வார்களே, அதை அவர் வாயால் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் சமாளிக்கிற மாதிரி இருக்கும்.