சாரதி பதில்கள்: பனி ரோட்டில் கார் ஓடுகிற மகன்

கேள்வி: என் மகன் கனடா போய் எட்டு மாதம். ஒன்ராறியோவில் வேலை. விடிய ஆறு மணிக்கெல்லாம் பாவித்த கார் ஒன்றில் வெளிக்கிடுகிறான். "எல்லாக் காலத்துக்குமான ரயர் போட்டிருக்கு, காணும் அம்மா" என்கிறான். பனியில் கார்கள் வழுக்குகிற வீடியோக்களைப் பார்த்து எனக்கு நித்திரை இல்லை. எனக்கு சைக்கிள் மட்டும்தான் ஓடத் தெரியும். அவனிடம் என்ன கேட்பது, என்ன சொல்வது?
ஒரு தாய், உவர்மலை

பதில்: அம்மா, அந்த ரயர் காணாது. நுவரெலியாவில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கட்டியாகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண ரயரின் ரப்பரும் குளிரில் இப்படித்தான் இறுகிப் பிடிப்பை விடுகிறது. 7 பாகைக்குக் கீழே போனாலே தொடங்கிவிடும். வின்டர் ரயரின் ரப்பர் குளிரிலும் மெதுமையாகவே இருக்கும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லாததால்தான் பெடியன்கள் காசைப் பார்த்து விட்டுவிடுகிறார்கள். வீடியோவில் கதைக்கும்போது ரயரின் பக்கவாட்டைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று முனை மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் அடையாளப் படமாக இருக்க வேண்டும், நாலு ரயரிலும். முன்னுக்கு இரண்டு மட்டும் மாற்றினால் வளைவில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

அப்புறம் கறுப்பு ஐஸ், அதாவது ரோட்டில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்து கிடக்கிற மெல்லிய ஐஸ். நான் அங்கே பதினான்கு வருடம் லொறி ஓடினேன். முதல் குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை, காரில் வேலைக்குப் போகிறேன். இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரோட்டு வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. ஈரத்தில் ரயர் 'ஸ்ஸ்' என்று இரைந்துகொண்டே வந்தது. ஒரு பாலத்தில் ஏறியதும் அந்த இரைச்சல் சட்டென்று நின்றது. கையில் ஸ்டீரிங் பாரமே இல்லாமல் சுழன்றது. பயத்தில் பிரேக்கை மிதித்துவிட்டேன். கார் பக்கவாட்டில் போய்ப் பாலத்துக் கம்பியில் முட்டி நின்றது. எதிரே வாகனம் வராததால் பிழைத்தேன். அந்த அமைதி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஈர ரோட்டில் ரயரின் சத்தம் நின்றால் கீழே ஐஸ் என்று மகனிடம் சொல்லுங்கள்.

பாலத்தில் ஏன் முதலில் உறைகிறது? வாடைக் காலத்தில் கிண்ணியாப் பாலத்தில் நின்றால் தெரியும், காற்று மேலாலும் அடிக்கும், கீழாலும் அடிக்கும். நிலத்தில் கிடக்கிற ரோட்டுக்கு மண்ணின் சூடு கொஞ்சம் கிடைக்கும். பாலத்துக்கு அது கிடையாது.

வழுக்கத் தொடங்கினால் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். பிரேக் வேண்டாம். போக வேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டு ஸ்டீரிங்கை மெதுவாக அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். முட்டப் போகிற பொருளையே பார்த்துக்கொண்டிருந்தால் கையும் அங்கேதான் போகும். ஐஸில் கார் நிற்க வழக்கத்தைவிடப் பத்து மடங்கு தூரம்கூடத் தேவைப்படலாம். ஆகவே முன்னால் போகிற வாகனத்துக்கு நிறைய இடம் விட வேண்டும்.

பனிக்குள் புதைந்து நின்றுவிட்டால், சூட்டுக்காக என்ஜினை ஓட விடுவதற்கு முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளிவிட வேண்டும். குழாய் அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை, உறங்கினவர் எழும்பமாட்டார். இதை அவனிடம் இரண்டு தரம் சொல்லுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். குளிர்காலத்தில் அங்கே விடிய ஆறு மணி என்றால் இங்கே பின்னேரம் நாலரை. தேத்தண்ணி குடித்துவிட்டு நீங்கள் ஃபோன் எடுக்கிற நேரத்தில்தான் அவன் அந்த ரோட்டில் இருக்கிறான். அழைப்பை இரவு எட்டு மணிக்கு மாற்றுங்கள். பனி நாளில் அரை மணித்தியாலம் முந்தி எழும்பச் சொல்லுங்கள். அங்கே நான் கண்ட விபத்துகளில் பாதிக்கு மேல் வேலைக்குப் பிந்திவிட்ட அவசரத்தில் நடந்தவை.

கேள்வி: லண்டனில் இருக்கும் என் தங்கை, காரின் முன்கண்ணாடியில் பிடித்த ஐஸைக் கரைக்க கேத்தில் வெந்நீரை ஊற்றுகிறாள். சரியா?
வாசகர், மூதூர்

பதில்: வேண்டாம். கண்ணாடி வெடிக்கும், வழிந்த தண்ணீர் அவர் நிற்கிற இடத்திலேயே உறையும். பிளாஸ்டிக் சுரண்டியால் எல்லாக் கண்ணாடியையும் முழுதாகச் சுரண்ட வேண்டும். கண் தெரிகிற அளவு ஓட்டை மட்டும் போட்டுக்கொண்டு ஓடக்கூடாது. என்ஜினை ஓட விட்டுக் காரை ரோட்டில் தனியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போவது அங்கே குற்றம். வைப்பர் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறதா என்று கையால் தூக்கிப் பார்த்த பிறகே அதைப் போடச் சொல்லுங்கள்.