சிங்க் போட்டும் நெல் வெளுக்கிறது, ராணிப்பேட்டைப் பக்கம்

மறுபடியும் சிங்க் சல்பேட் போடாதீர்கள். நட்டு 25 நாளில் குருத்திலை முழுக்க வெளுக்கிறது, தூர் வெடிக்கவில்லை, தோல் தொழிற்சாலை அருகே உள்ள கிணற்றுத் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். சிங்க் குறை என்றால் பெரும்பாலும் கீழ் இலைகளில் துருப்புள்ளி விழும். நீங்கள் சொல்வது இரும்புக் குறை போலத் தெரிகிறது.

மண்ணில் இரும்பு இருக்கும். அதை எடுக்கத்தான் வேருக்கு முடியவில்லை. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகம் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கலந்திருந்தால், அது வேர் நுனியைக் கெடுப்பதோடு, இரும்பு உள்ளே போவதையும் மறிக்கும்.

தண்ணீர் நுழையும் மடையோரம் ஒரு நெற்குத்து, எதிர்க்கோடியில் ஒரு குத்து பிடுங்கி, அலசிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மடையோரத்து வேர் மட்டும் கட்டையாக, பழுப்பேறி, சல்லிவேர் இல்லாமல் இருந்தால் தண்ணீர் மேல் சந்தேகம் வலுக்கிறது. பிறகு நாலு வரிசைக்கு மட்டும் அன்னபேதி (இரும்பு சல்பேட்), லிட்டருக்கு 10 கிராம், மாலையில் தெளியுங்கள். ஒரு வாரத்தில் பச்சை திரும்பினால் இரும்புதான்.

இலை நுனியும் கருகியிருந்தால் உப்பும் சேர்ந்திருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவில் சோடியம் ஏராளம். மண்வள அட்டையில் குரோமியம் வராது, ஆய்வகத்தில் தனியாகக் கேளுங்கள். காட்மியம் என்ற நச்சு உலோகத்தையும் சேர்த்துக் கேளுங்கள். குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். காட்மியம் அரிசிக்கே ஏறும், ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் எலும்பு நொறுங்கும் நோய் வந்தது அதனால்தான்.

அன்னபேதி இலையைத்தான் பச்சையாக்கும், மண்ணைச் சுத்தமாக்காது. ஆய்வக முடிவு வரும்வரை அந்தக் கிணற்றை நிறுத்தி வேறு தண்ணீர் பாய்ச்ச முடியுமா பாருங்கள்.