மூணு சீட்டுல ஜோடி: 3,900 ஏன் தப்பு, 3,744 ஏன் சரி?

கேள்வி: 52 சீட்டுல இருந்து மூணு சீட்டு எடுத்தா, அதுல சரியா ஒரு ஜோடி (ஒரே நம்பர்ல ரெண்டு சீட்டு) மட்டும் இருக்குறதுக்கு எத்தனை வழி? நான் 13 × 6 × 50 = 3,900னு போட்டேன். விடைல 3,744னு இருக்கு. புத்தகத்துல அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லங்க, 3,744தான் சரி. சாதாரணமா இந்த மாதிரி கேள்விக்கெல்லாம் நான் பதில் எழுத மாட்டேன், ஆனா அந்த 3,900ங்கற நம்பர பாத்ததும் வயித்த பிசைஞ்சிருச்சு. ப்ளஸ் ஒன் படிக்கும்போது நானும் இதே 3,900ஐ போட்டு ஒரு கல்யாண மண்டபத்துல பத்து பதினஞ்சு ஆம்பளைங்க முன்னாடி அசிங்கப்பட்டவ. அதுவும் மீதி எல்லாம் சரியா போட்டுட்டு இது ஒன்னுல மாட்டுனேன்.

நீங்க ப்ளஸ் ஒன்னு படிக்கிறீங்க, இல்ல ஏதோ வேலைக்கான எக்ஸாமுக்கு படிக்கிறீங்கனு நெனைக்கிறேன். வீட்ல சீட்டுக்கட்ட தொட்டா "குடும்பம் உருப்படாது"னு சொல்ற வீடா இருக்கலாம். அதனால மொதல்ல கட்டையும் மொத்த எண்ணிக்கையையும் சொல்லிடறேன். ஒரு கட்டுல ஸ்பேட், ஆட்டின், கிளாவர், டைமண்ட்னு நாலு ஜாதி, ஒவ்வொரு ஜாதிலயும் ஆஸ் (A), ரெண்டுலேந்து பத்து, ஜாக்கி, ராணி, ராஜானு 13 சீட்டு. மொத சீட்டுக்கு 52 வழி, அடுத்ததுக்கு 51, அதுக்கடுத்து 50, பெருக்குனா 1,32,600. ஆனா கைல ஏழு ஆட்டின், ராணி கிளாவர், ரெண்டு டைமண்ட் இருக்குனு வைங்க, அத எந்த வரிசைல விரிச்சு புடிச்சாலும் ஷோ போடும்போது, அதாவது சீட்ட எல்லாருக்கும் காட்டும்போது, ஒரே கைதான. மூணு சீட்ட ஆறு விதமா அடுக்கலாம், அதனால ஆறால வகுக்கணும், 22,100. சேர்வு, என்சிஆர் (nCr)னு புத்தகத்துல பயமுறுத்துறதெல்லாம் இவ்ளோதான். வரிசை முக்கியம்னா வகுக்காத, முக்கியம் இல்லனா வகு. (கணக்கு வாத்தியாருங்க யாராச்சும் "இப்படி மொட்டையா சொல்லக்கூடாது"னு வருவாங்க, வாங்க, நான் வாத்தியார் இல்ல, ஒரு ஆபீஸ்ல வரவு செலவு பாக்குறவ.)

இப்ப என் கதை. அத்தை பொண்ணு கல்யாணம். எங்க தஞ்சாவூர் பக்கம் கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு தெரியும். மாப்பிள்ளை அழைப்பு முடிஞ்சு சாப்பாடு ஆனதும் ஆம்பளைங்க எல்லாம் மாடில ஜமக்காளத்த விரிச்சு உக்காந்துருவாங்க, ஒரு பக்கம் ரம்மி, ஒரு பக்கம் மூணு சீட்டு, சீட்டுக்கட்டு வாங்கி வைக்கிறதே பொண்ணு வீட்டு செலவுல ஒன்னு. பொம்பளைங்க கீழ மறுநாள் சாம்பாருக்கு சின்ன வெங்காயம் உரிப்பாங்க. விடிய விடிய. இத யாருமே ஒரு விஷயமா பேசி நான் கேட்டதில்ல. மண்டபத்துக்கு சமையலுக்கு ஆள் பேசி காசு குடுத்துருப்பாங்க, ஆனாலும் "சும்மாதான உக்காந்துருக்கீங்க, கொஞ்சம் உரிச்சு குடுங்களேன்"னு ஒரு கூடைய கொண்டாந்து நடுவுல வச்சிருவாங்க. சும்மா உக்காந்துருந்தது யாருனு மாடி ஏறி பாத்தா தெரியும். சரி அது வேற கதை.

எனக்கு வெங்காயம் உரிச்சா கண்ணு ரொம்ப எரியும், அந்த சாக்குல மாடிக்கு போயி சித்தப்பா முதுகுக்கு பின்னாடி உக்காந்துக்குவேன். சின்ன வயசுலேந்தே அப்படித்தான் சீட்டு பழகுனது. அந்த ஆட்டத்துல சித்தப்பாவுக்கு நாலு, அஞ்சு, ஆறு, மூணும் ஸ்பேட். ஒரே ஜாதில வரிசை, சுத்தமான ரன்னிங். மனுசனுக்கு காது சிவந்துருச்சு. ஏத்திட்டே போறாரு, எதிர்ல ஒரு மாமாவும் விடல. கடைசில ஷோ கேட்டா மாமா கைல மூணு ரெண்டு. மூணும் ஒரே நம்பரா வந்தா அதுதான் ஒசத்தி, பணத்த மாமா வழிச்சுட்டு போயிட்டாரு.

சித்தப்பாவுக்கு தாங்கல. "எனக்கு வந்தது அவ்ளோ சுலபத்துல வர்ற கையா? பாப்பா, நீதான் கணக்குல நூத்துக்கு தொண்ணூறு வாங்குறியே, எது வர்றது கஷ்டம்னு போட்டு சொல்லு"னு ஒரு கல்யாண பத்திரிகைய திருப்பி குடுத்தாரு. எனக்கு தல கால் புரியல, ஏன்னா அந்த பாடம் அப்பதான் ஸ்கூல்ல முடிஞ்சிருந்துச்சு. போட்டேன்.

மூணும் ஒரே நம்பர்: 13 நம்பர், ஒவ்வொன்னுலயும் நாலு சீட்டுல மூண எடுக்க 4 வழி, 52. சுத்தமான ரன்னிங்: ஆஸ்-ரெண்டு-மூணுல ஆரம்பிச்சு ராணி-ராஜா-ஆஸ் வரைக்கும் 12 வரிசை, நாலு ஜாதி, 48.

அதாவது சித்தப்பா கைதான் அரிது! வித்தியாசம் நாலே நாலுதான், ஆனா அரிதுனா அரிதுதான. சித்தப்பா எழுந்து நின்னு கத்துனாரு, நான் ஏதோ ஹைகோர்ட் தீர்ப்பு வாங்கி குடுத்த மாதிரி. அவரு கேக்க கேக்க நான் மீதியையும் போட்டேன். ஜாதி கலந்த ரன்னிங்: 12 வரிசை, ஒவ்வொரு எடத்துக்கும் நாலு ஜாதி, 12 × 64 = 768, அதுல சுத்தமானது 48ஐ கழிச்சா 720. கலர், அதாவது ஒரே ஜாதி ஆனா வரிசை இல்ல: 13ல மூணு எடுக்க 286, நாலு ஜாதிக்கு 1,144, அதுலயும் 48 போனா 1,096. ஒன்னுமே இல்லாத கை: 286 நம்பர் கூட்டத்துல 12 வரிசைய தூக்குனா 274, ஜாதி போடுற 64 விதத்துல ஒரே ஜாதியா வர்ற 4ஐ தூக்குனா 60, பெருக்குனா 16,440. எல்லாம் சரி. அப்புறம் ஜோடி: 13 நம்பர், நாலுல ரெண்டு எடுக்க 6, மூணாவது சீட்டுக்கு மிச்சம் 50. 3,900. உங்களதேதான்.

பணம் ஜெயிச்ச மாமா சும்மா இருப்பாரா. அவரு போஸ்டாபீஸ்ல கணக்கு பாத்து ரிட்டயர் ஆனவரு, என்சிஆர்லாம் தெரியாது, ஆனா கூட்டல் தெரியும். கண்ணாடிய போட்டுகிட்டு நான் எழுதுன ஆறு நம்பரையும் வரிசையா கூட்டுனாரு. 22,256. "மொத்தமே 22,100னுதான மேல எழுதியிருக்க? கட்டுல இருக்குறத விட 156 கை அதிகமா வருதே பாப்பா, அந்த 156 யாரு வீட்டு சீட்டு?" அப்படின்னாரு. மாடியே சிரிச்சுச்சு. "டேலியே ஆகாத கணக்க வச்சிகிட்டு என் பணத்த திருப்பி கேக்குறியா"னு சித்தப்பாவ பாத்து ஒரு கேள்வி. அவ்ளோதான், சரியா இருந்த 48ம் 52ம் சேந்து அடிபட்டு போச்சு. இன்னொருத்தர், பேரு ஒறவு எதுவும் சொல்லல, "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு சீட்டு கணக்கு, கீழ போயி வெங்காயம் உரி"ன்னாரு. போனேன்.

உரிச்சிட்டேதான் யோசிச்சேன். ராத்திரி மூணு மணி இருக்கும். 156னா என்ன? 52 × 3! அப்பதான் பொறி தட்டுச்சு. ஏழு ஸ்பேட், ஏழு ஆட்டின், ஏழு கிளாவர்னு ஒரு கை இருக்குனு வைங்க. இது ஜோடியே இல்ல, மூணும் ஒரே நம்பர். ஆனா என் கணக்குல "ஜோடி ஸ்பேடும் ஆட்டினும், மூணாவது கிளாவர்"னு ஒரு தடவ வருது, "ஜோடி ஸ்பேடும் கிளாவரும், மூணாவது ஆட்டின்"னு ரெண்டாவது தடவ, "ஆட்டினும் கிளாவரும், மூணாவது ஸ்பேட்"னு மூணாவது தடவ. மிச்சம் இருக்குற 50 சீட்டுல இன்னும் ரெண்டு ஏழு ஒளிஞ்சிருக்கே, அத நான் தள்ளவே இல்ல. ஏழு இல்லாத சீட்டு 48தான். 78 × 48 = 3,744. இப்ப கூட்டிப் பாருங்க, 52, 48, 720, 1,096, 3,744, 16,440. டாண்ணு 22,100.

உங்க தப்பும் இதேதான், வேற ஒன்னும் இல்ல. பெருக்குறதுல தப்பு இல்ல, எண்ணக்கூடாதத எண்ணிட்டீங்க, அதுவும் மும்மூணு தடவ. அந்த மாமா செஞ்சத நான் இன்னிக்கும் ஆபீஸ்ல செய்றேன்: ஒரு வகைய மட்டும் போட்டுட்டு விடைப் பக்கத்த திருப்பாம, எல்லா வகையையும் தனித்தனியா போட்டு கூட்டிப் பாக்குறது. ஒன்னுமே இல்லாத கைய கழிச்சு கண்டுபுடிக்காதீங்க, அப்படி செஞ்சா தப்பு அதுக்குள்ள போயி பதுங்கிக்கும், தனியா போடுங்க.

மேல ஓடுனேன், சொல்லலாம்னு. எல்லாரும் ஜமக்காளத்துலயே கொறட்டை. காலைல முகூர்த்த பரபரப்புல யாரு கேக்கப்போறா. சித்தப்பாகிட்ட மட்டும் பந்தில உக்காந்திருக்கும்போது சொன்னேன், "விடு பாப்பா, சாம்பார ஊத்த சொல்லு"ன்னாரு.

இங்க ஒன்னு, 48 பெருசா 52 பெருசானு நான் சொன்னத வச்சு "அப்ப ரூலே தப்பா"னு கேப்பீங்க. ரூல் ஆட்டக்காரங்க பழகிகிட்டது, எண்ணிக்கைக்கும் அதுக்கும் இந்த ஒரு எடத்துலதான் ஒத்துப்போகல, மீதி எல்லாம் வரிசையா சரியாத்தான் இருக்கு, கலர விட ரன்னிங் அரிது அதனால ஒசத்தி. காலேஜ்ல அஞ்சு சீட்டு போக்கர பத்தி படிச்சப்ப அங்க தலைகீழா கலர்தான் ரன்னிங்க விட ஒசத்தினு பாத்து கொழம்பி போயிட்டேன். போட்டு பாத்தா அதுவும் சரிதான். அஞ்சு சீட்டுல மொத்தம் 25,98,960 கை. ரன்னிங் 10 வரிசை × 1,024, சுத்தமானது 40 கழிச்சு 10,200. கலர் 1,287 × 4, அதே 40 கழிச்சு 5,108. ஏன் மாறுதுனா, ரன்னிங்ல புதுசா வர்ற ஒவ்வொரு சீட்டுக்கும் நாலு ஜாதில எது வேணா வரலாம், கலர்ல மொத சீட்டு எந்த ஜாதியோ கடைசி வரைக்கும் அதுலயே தொங்கணும். மூணு சீட்டுல நூத்துக்கு அஞ்சு தடவ வந்த கலர், அஞ்சு சீட்டுல ஆயிரத்துக்கு ரெண்டா சுருங்கிருது.

காசு வச்சு ஆடுறத நான் ஞாயப்படுத்தலங்க, அதுக்கும் சேத்து திட்ட வராதீங்க. எங்க சொந்தத்துலயே சீட்டுல நெலம் போன வீடு இருக்கு. காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டத்துக்கு 2025ல மத்திய அரசு தடைச் சட்டமே போட்டுருச்சு. நான் சொல்றது எண்ணுறத மட்டும்தான். எங்க ஸ்கூல்லயே "ஒரு கட்டுல படம் போட்ட சீட்டு எத்தனை"னு கேட்டப்ப நான் 12னு டக்குனு சொன்னதுக்கு, பதில் சரியானு சொல்லாம "உனக்கு எப்படி தெரியும்"னுதான் டீச்சர் மொதல்ல கேட்டாங்க. பாடத்துல சீட்டுக்கட்ட வச்சு கேள்வி வைப்பாங்களாம், ஆனா அதுல என்ன இருக்குனு தெரிஞ்சா குத்தமாம். என் கூட படிச்ச பாதி புள்ளைங்க நாலு ஜாதி பேரே தெரியாம அந்த கணக்க மனப்பாடம் பண்ணி எழுதுனாங்க. நீங்க தயவுசெஞ்சு ஒரு கட்டு வாங்கி, நாலு ஏழையும் எடுத்து தரைல வச்சு, மேல சொன்ன மூணு விதத்தையும் கையால ஒரு தடவ மாத்தி மாத்தி வச்சு பாருங்க.

பின்குறிப்பு: ஜோக்கர சேத்து ஆடுறவங்க இந்த நம்பர தூக்கிட்டு வந்து டேலி ஆகலனு என்கிட்ட சண்டை போடாதீங்க, அது 52 சீட்டே இல்ல, வேற கணக்கு.