மெர்சிடிஸ் 600 காரை ஏன் சர்வாதிகாரிகளின் கார் என்கிறார்கள்?

சீனாவின் மாவோ, யுகோஸ்லாவியாவின் டிட்டோ, உகாண்டாவின் இடி அமீன் எல்லாரிடமும் இருந்ததால் வந்த பெயர் அது. ஆனால் போப் ஆறாம் பால், பாடகர்கள் எல்விஸ் பிரெஸ்லி, ஜான் லெனன் ஆகியோரிடமும் இதே கார்தான் இருந்தது. அதனால் அந்தப் பட்டம் பாதி நியாயம்தான்.

1963 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் இதை அறிமுகப்படுத்தினார்கள். அதற்கு முன்பு நிறுவனத்தின் பெரிய கார், மேற்கு ஜெர்மன் சான்சலர் (பிரதமர்) அடெனவர் பயன்படுத்திய மெர்சிடிஸ் 300. உலகத்திலேயே சிறந்த கார் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டதால், 600-இல் செலவைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எட்டு சிலிண்டர் கொண்ட 6.3 லிட்டர் வி8 இன்ஜின், 250 குதிரைத்திறன். இரண்டரை டன் எடையோடு மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும்!

என்னைக் கேட்டால், உண்மையான அதிசயம் இன்ஜின் இல்லை, ஹைட்ராலிக்ஸ்தான். மின்மோட்டார் சத்தம் போடும் என்பதால் ஜன்னல் கண்ணாடி, இருக்கை, டிக்கி மூடி எல்லாவற்றையும் சுமார் 150 பார் என்ற மிக அதிக அழுத்தத்தில் ஓடும் எண்ணெயால் இயக்கினார்கள். துளிச் சத்தம் கிடையாது. கண்ணாடி ஏறும்போது மட்டும் விரலை வைத்துவிடக் கூடாது, சரியா?

சாதாரண 600-இன் நீளம் 5.54 மீட்டர், அதன் நீளமான வகையான புல்மேன் 6.24 மீட்டர். 1981 வரை மொத்தமே 2,677 கார்கள்தான் செய்தார்கள். அப்புறம், இன்று ஒன்று வாங்க நினைத்தால் விலையைவிட அந்த ஹைட்ராலிக் குழாய்களை முதலில் பாருங்கள். கசிவு ஆரம்பித்துவிட்டால் பழுது பார்க்கும் செலவு தாங்காது.