ரேம் கூடியது, நிம்மதி குறைந்தது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் கம்ப்யூட்டரில் ரைசன் 5 3600 பிராசஸர், பி450 போர்டு, 3200 வேகத்தில் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஸ்டிக் இரண்டு இருந்தன. வேலை இழுக்கிறதே என்று வேறு கம்பெனியின் 8 ஜிபி ஸ்டிக் இன்னும் இரண்டு வாங்கிப் போட்டேன். அதுவும் 3200தான். 32 ஜிபி சரியாகக் காட்டுகிறது. ஆனால் போட்டோஷாப்பில் நாலைந்து ஷீட் திறந்ததும் நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எழுத்து. கடையில் ஃபார்மேட் செய்து கொடுத்தார்கள், மறுநாளே பழைய கதை. இப்போது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா சார்? - தேனி வாசகர்

பதில்: வேண்டாம். ஒரு டிடிஆர்4 ஸ்டிக் இழுப்பது மூன்று நான்கு வாட் மின்சாரம். கிராபிக்ஸ் கார்டைச் சுமக்கிற எஸ்எம்பிஎஸ், கூடுதலாக ஏழெட்டு வாட்டுக்கு மூச்சு முட்டாது. ரேம் போட்ட அன்றுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால் முதலில் ரேமைத்தான் பார்க்க வேண்டும். ஃபார்மேட் செய்தது வீண்வேலை மட்டுமல்ல, தப்பும் கூட. சந்தேகத்தில் இருக்கும் ரேமை வைத்துக்கொண்டு விண்டோஸ் போட்டால், பதியும் ஃபைல்களே பிழையோடு பதிந்துவிடலாம்.

எழுத்து மாறி மாறி வருவதாகச் சொன்னீர்களே, அது நல்ல துப்பு. ஒரு டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே செய்திதான் திரும்பத் திரும்ப வரும். இன்று மெமரி மேனேஜ்மென்ட், நாளை பேஜ் ஃபால்ட், நாளன்றைக்கு ஐஆர்க்யூஎல் என்று வந்தால் ரேம் மேல் சந்தேகம் வலுக்கிறது. பிழையுள்ள இடத்தில் அந்த நேரம் எந்த புரோகிராம் உட்கார்ந்திருக்கிறதோ, அது விழுகிறது.

உங்கள் விஷயத்தில் ஸ்டிக் கெட்டுப்போயிருக்கவே வேண்டியதில்லை. ஸ்டிக் மேல் 3200 என்று அச்சடித்திருப்பது பல சமயம் எக்ஸ்எம்பி வேகம். அதாவது டிடிஆர்4-க்கு உரிய 1.2 வோல்ட்டுக்குப் பதில் 1.35 வோல்ட் கொடுத்து ஓட்டுகிற வேகம். இரண்டு ஸ்டிக் இருந்தவரை அது சுகமாக ஓடியிருக்கும். உங்கள் பிராசஸருக்கு 3200 என்று ஏஎம்டி சொல்வது இரண்டு ஸ்டிக்குக்குத்தான். நாலு போட்டால், ஒற்றை ரேங்க் ஸ்டிக்காக (சிப்புகள் ஒரே தொகுதியாக இருப்பது) இருந்தால் 2933, இரட்டை ரேங்க் (இரண்டு தொகுதி) என்றால் 2667. அதற்கு மேல் ஓடினால் அதிர்ஷ்டம். போதாததற்கு இரண்டு ஜோடியும் வேறு வேறு கம்பெனி. ரேம் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் டைமிங் எண்கள் நாலைந்து உண்டு, 16-18-18-38 என்பது போல. ஒரு ஜோடிக்குப் பொருந்தும் எண் இன்னொன்றுக்கு இறுக்கமாக இருக்கலாம். கடைக்காரர் '3200-ம் 3200-ம் சேரும்' என்று சொல்லியிருப்பார். வேகம் ஒன்றானால் மட்டும் போதாது.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலிட் பட்டனைத் தட்டி பயாஸ் என்ற அடிப்படை செட்டிங் திரைக்குள் போங்கள். எக்ஸ்எம்பி என்று இருப்பதை அணையுங்கள். ஆசுஸ் போர்டானால் டிஓசிபி என்றும், எம்எஸ்ஐ போர்டானால் ஏ-எக்ஸ்எம்பி என்றும் இருக்கும். அணைத்ததும் வேகம் 2133, 2400 என்று ஏதாவது ஒன்றுக்கு இறங்கும். பயப்பட வேண்டாம். ஆல்பம் வேலைக்கு இந்த வேக இறக்கம் பெரிதாகத் தெரியாது. ரேம் தீர்ந்துபோய் டிஸ்கில் எழுத ஆரம்பிப்பதுதான் உங்களை இழுத்தடித்திருக்கும். அப்படியே இரண்டு நாள் வேலை பாருங்கள். நீலத் திரை வரவில்லை என்றால் வியாதி வேகத்தில்தான். பிறகு கையால் 2666 வையுங்கள், அதுவும் நின்றால் 2933. அதோடு விட்டுவிடுங்கள்.

அணைத்த பிறகும் விழுந்தால் ஸ்டிக்கையோ ஸ்லாட்டையோ சந்தேகப்படலாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச புரோகிராமை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். விண்டோஸ் இல்லாமலே ஓடும். 32 ஜிபிக்கு ஒரு சுற்று முடியவே மணிக்கணக்காகும், ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான். 'ஒண்ணுதானே' என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

சிவப்பு வந்தால் எல்லாவற்றையும் கழற்றி ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும், பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் போடுங்கள். ஏ2 என்று பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு ஸ்டிக்காக அதே ஸ்லாட்டில் ஓட்டினால் கெட்டது காட்டிக்கொடுத்துவிடும். நாலும் பாஸ் ஆனால், ஒரு நல்ல ஸ்டிக்கை எடுத்து மற்ற ஸ்லாட்டுகளில் மாற்றி மாற்றிப் பாருங்கள். அப்போது விழுந்தால் ஸ்லாட் அல்லது பிராசஸர் பக்கம் கோளாறு. ரைசன் 3600-ல் பின்கள் பிராசஸரின் அடியில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் ஒரு பக்கத்து ஸ்லாட்டுகள் வேலை செய்யாமல் போகலாம். கூலரைக் கழற்றி மாட்டியவர் யார் என்று விசாரியுங்கள்.

ஒன்று முக்கியம். இது தீரும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் கல்யாணப் படங்களைக் காப்பி செய்யாதீர்கள், கேமரா கார்டை அழிக்கவே அழிக்காதீர்கள். கெட்ட ரேம் வழியாகப் போகும் ஜேபெக் படத்தில் ஒரு பிட் புரண்டால் போதும், தாலி கட்டுகிற கைவரை படம் நன்றாக இருக்கும், அதற்குக் கீழே எல்லாம் பச்சையும் கருஞ்சிவப்புமாக வரி வரியாக ஓடும். ஃபைல் அளவு சரியாக இருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. புது ரேம் போட்ட நாளிலிருந்து ஏற்றிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, சந்தேகமானவற்றைக் கார்டிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, என் பழைய லேப்டாப்பில் (இன்டெல் ஐந்தாம் தலைமுறை ஐ3) 4 ஜிபி டிடிஆர்3 ரேம் கூடுதலாகப் போட்டேன். சில நேரம் ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது, ஆன் ஆனாலும் பாதியில் உறைகிறது. காண்டாக்டை ரப்பர் போட்டுத் தேய்த்தும் பார்த்துவிட்டேன். - நாகர்கோவில் மாணவர்

பதில்: தம்பி, ஸ்டிக் ஸ்டிக்கரைப் படித்துப் பார். பிசி3 என்று இருக்கிறதா, பிசி3எல் என்று இருக்கிறதா? உன் லேப்டாப்புக்கு வேண்டியது எல் போட்டது, 1.35 வோல்ட்டில் ஓடுவது. எல் இல்லாதது 1.5 வோல்ட் கேட்கும். ஸ்டிக்கில் உள்ள வெட்டும் ஸ்லாட்டும் ஒன்றுபோலவே இருப்பதால் உள்ளே உட்கார்ந்துவிடும், சில சமயம் ஓடவும் செய்யும். அதுதான் உன்னைக் குழப்பியிருக்கிறது. கடையில் கொடுத்து மாற்றிக்கொள்.

ரப்பர் பற்றி: பென்சில் அழிக்கும் மென்மையான ரப்பரால் லேசாக ஒரு தரம் தேய்ப்பதில் தப்பில்லை, பழைய ஸ்டிக் பலவற்றை அது பிழைக்க வைத்திருக்கிறது. ஆனால் துகள் ஸ்லாட்டுக்குள் விழக்கூடாது, தேய்த்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிடு. பேனா மை அழிக்கும் சொரசொரப்பான பக்கம் கூடவே கூடாது. தங்க முலாம் மெல்லியது, போனால் வராது. புது ஸ்டிக்குக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர். விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம். இன்னொரு 4 ஜிபி போட்டும் பயன்படுத்தக்கூடியது 3 ஜிபி சொச்சம் என்றே காட்டுகிறது. ரேம் போலியா? - விழுப்புரம்

பதில்: போலி இல்லை ஐயா. உங்களுடையது 32 பிட் விண்டோஸ். அது மொத்தம் 4 ஜிபிக்கு மேல் எட்டாது, அதிலும் கிராபிக்ஸ் போன்ற பாகங்களுக்கான முகவரிகள் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 64 பிட் போட்டால் முழுதும் தெரியும். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது, அதனால் பேங்க் வேலையை அதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: விண்டோஸின் மெமரி டயக்னாஸ்டிக் 'பிழை இல்லை' என்கிறது. ஆனால் மத்தியான நேரத்தில் மட்டும் கம்ப்யூட்டர் விழுகிறது. புது ரேம், ராசியான கம்பெனி. அதுவும் கெடுமா? - வேலூர் வாசகி

பதில்: கெடும் அம்மா. கூகுள் தன் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்தில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ஸ்டிக்குகள் ஏதோ ஒரு பிழையாவது காட்டியிருந்தன. சர்வர் ரேமில் பிழையைத் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் பொதுவாகக் கிடையாது.

மத்தியான விஷயத்துக்கு வருகிறேன். ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு பொடி கெபாசிட்டரில் நிற்கும் மின்னூட்டம். ஓட்டைக் குடத்துத் தண்ணீர்போல அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை முழுவதையும் படித்துத் திரும்ப நிரப்புகிறார்கள். சூடு ஏற ஏறக் கசிவு அதிகம், 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி நிரப்ப வேண்டும் என்பதே விதி. வேலூர் வெயிலில் மூடிய கேபினட், தூசி அடைத்த ஃபேன் என்றால் ஏற்கனவே பலவீனமான ஒரு செல் அங்கே தோற்கும். காலையில் டெஸ்ட் பாஸ் ஆவதற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம்.

ஆகவே டெஸ்ட்டையும் மத்தியானத்தில், கேபினட் மூடியைப் போட்டே ஓட்டுங்கள். நீங்கள் ஓட்டியது சாதாரண டெஸ்ட்டாக இருக்கும். அது ஓடும்போதே எஃப்1 அழுத்தினால் எக்ஸ்டெண்டட் என்று ஒன்று கிடைக்கும், அல்லது மேலே சொன்ன மெம்டெஸ்ட்டைப் போடுங்கள். பிழை வந்தால் திரையை மொபைலில் படம் பிடித்து, பில்லோடு கடைக்குக் கொண்டுபோங்கள். பெரிய கம்பெனி ரேம்களுக்குப் பெரும்பாலும் வாழ்நாள் வாரண்டி இருக்கிறது. ஸ்டிக்கர் மட்டும் கிழியாமல் இருக்க வேண்டும், சீரியல் நம்பர் அதில்தான் இருக்கிறது.