வெள்ளம் புகுந்த வீடு: கையில் 5 லட்சம், முதலில் எதற்கு?

கேள்வி: ஏரலில் தாமிரபரணிக்குப் பக்கத்தில் சொந்த வீடு, 1,000 சதுர அடி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்புக்கு மேல் தண்ணீர் நின்றது. பிரிட்ஜ், கிரைண்டர், மெத்தை எல்லாம் போயிற்று. நகையை அடகு வைத்துத்தான் வீட்டைச் சரிசெய்தோம். அந்தக் கடன் இன்னும் 1.8 லட்சம் இருக்கிறது. வீட்டுக் கடன் பாக்கி 6 லட்சம். இப்போது சீட்டுப் பணம் 5 லட்சம் கைக்கு வருகிறது. வீட்டுக் கடனை அடைக்கலாமா, மாடி எழுப்பலாமா? வீட்டுக் கடனோடு இன்சூரன்ஸும் போட்டிருக்கிறோம்.
— ஒரு வாசகி

பதில்: உங்கள் கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன். அந்த பாலிசியை எடுத்துப் படியுங்கள். வீட்டுக் கடனோடு கொடுப்பது பெரும்பாலும் கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடு. உங்கள் கணவருக்கு ஏதாவது ஆனால் கடன் அடையும். சுவர் இடிந்தால் ஒரு பைசா வராது. கட்டடத்துக்கும் பாலிசி இருந்தால், தொகை எவ்வளவு என்று பாருங்கள். கடன் பாக்கி அளவுக்கே போட்டிருந்தால் உங்களுக்குப் போதாது.

பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பாலிசி இருக்கிறது. வெள்ளச் சேதமும் அதில் அடக்கம். மனை விலையைச் சேர்க்காதீர்கள். திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டும்தான் கணக்கு. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் 20 லட்சம். வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 4 லட்சம், தானாகவே சேரும். பிரீமியம் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில ஆயிரத்தைத் தாண்டாது. அன்று அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். புயல் அறிவிப்பு வந்தபின் கேட்டால் தர மறுக்கலாம்.

அடுத்து, நகையை மீட்டுவிடுங்கள். மீண்டும் வெள்ளம் வந்தால் அவசரத்துக்குக் கை கொடுக்கப்போவது அதுதான். மீதி 3.2 லட்சத்தில் ஒரு லட்சத்தை, நினைத்தவுடன் எடுக்கிற மாதிரி வங்கியில் வையுங்கள். வீட்டில் ரொக்கமாக வேண்டாம்.

வீட்டுக் கடனை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், தவணை அதன்போக்கில் போகட்டும். அதில் கொட்டிய பணத்தை அவசரத்துக்குத் திரும்ப எடுப்பது கஷ்டம்.

முழு மாடி இந்தப் பணத்தில் முடியாது. பாதியில் நிற்கும் மாடியைவிட மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை மேல். அஸ்திவாரம் தாங்குமா என்று ஒரு பொறியாளரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். கீழே இருக்கும் பிளக் பாயின்ட், மீட்டர் பெட்டி, இன்வெர்ட்டரை 2023-ல் தண்ணீர் நின்ற அளவுக்கு மேலே ஏற்றுவதும் இதே பணத்தில் முடியும். மீட்டரை மாற்ற மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும், நீங்களே கை வைக்காதீர்கள்.

ஒருவேளை மறுபடி தண்ணீர் புகுந்தால், வடிந்த கையோடு சேற்றைக் கழுவிவிடாதீர்கள். ஏரல் பக்கம் அன்று பலரும் சாமான்களைத் தெருவில் வீசிவிட்டார்கள். அப்படிச் செய்தால், சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்க எதுவும் மிஞ்சாது. முதலில் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். சுவரில் தண்ணீர்க் கோட்டையும் ஒவ்வொரு சாமானையும் படம் எடுத்த பிறகே துடைப்பத்தை எடுங்கள்.